மிதிக்காமல் போன சைக்கிள்

திங்கட்கிழமை, காலை 9.20.

நில அளவை அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்த ஆபீசர், கதவைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். மேல் தட்டில் அளவு நாடாக்கள் இருந்தன. நடுத்தட்டில் பழைய பதிவேடுகள் இருந்தன. கீழ்த்தட்டில் இருக்க வேண்டிய மஞ்சள் பெட்டியை மட்டும் காணோம்.

மஞ்சள் பெட்டிக்குள் இருந்தது லெவல் கருவி. மூன்று கால் தாங்கியில் பொருத்தி, அதன் குழாய் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தால், இந்த இடத்தைவிட அந்த இடம் எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த ஆபீஸிடம் இருந்ததே அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் ஆபீஸுக்குக் கை ஒடிந்த மாதிரி.

அலமாரிப் பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி வழக்கம்போல ஆபீசரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பூட்டையும் போட்டு, சாவியையும் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வைக்கிற புத்திசாலித்தனம் ஆபீஸ்களுக்கே உரியது. அதைப் பற்றி இனிமேல் பேசி என்ன ஆகப்போகிறது?

9.50க்கு ஆபீசர் போலீஸுக்கு போன் செய்தார். 10.05க்கு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், ஏட்டம்மாவைக் கூப்பிட்டார்.

ஏட்டம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. இருபது வருஷத்துக்கு மேல் போலீஸ் உத்தியோகம். வலது முழங்காலில் தீராத வலி. அந்த முழங்காலை வைத்துக்கொண்டே தினமும் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வேலைக்கு வருகிறவர். இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து இது ஆறாவது நாள். வந்த அன்றைக்கே 'சைக்கிள் ஏட்டு' என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. ஏட்டம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைக்கிளில் போகிறவருக்கு ஊர் தெரியும், ஜீப்பில் போகிறவருக்கு டிரைவரின் முதுகுதான் தெரியும் என்பது அவர் கட்சி.

"சர்வே ஆபீஸ்ல ஒரு திருட்டு ஏட்டம்மா. பெரிசா ஒண்ணுமில்ல. ஆள் யாருன்னு அவங்களே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. வாக்குமூலம் எழுதி வாங்கிட்டு, அந்தாளை நாலு மணிக்குள்ள இங்க கூட்டிட்டு வந்துருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஜீப்பு சார்?"

"ஜீப்பு பட்டறையில கிடக்கு. உங்ககிட்டதான் ரெண்டு சக்கரம் சும்மா இருக்கே."

பக்கத்து மேஜையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஏட்டம்மா கால்சட்டை நுனியைச் சுருட்டிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கடைத்தெருவில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. ஒரு பஸ் பின்னாலேயே வந்து ஹாரனை அடித்து உயிரை வாங்கியது. சந்தியில் பெரிய தண்ணீர்த் தொட்டி நின்றது. அதைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் சர்வே ஆபீஸ் ரோடு. இரண்டு பக்கமும் கிடங்குகளின் நீண்ட மதில்கள், நடுவே கோடு போட்ட மாதிரி நேரான ரோடு. அதில் நுழைந்ததும் ஏட்டம்மாவுக்கு ஒரு சுகம். கால் நின்றுவிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. முழங்கால்கூட வாயை மூடிக்கொண்டது. நேற்று அவர் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருந்தார். பரவாயில்லையே, மனுஷன் உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே ஆபீஸ் வாசலில் பிரேக் பிடித்தார்.

காலை 10.40.

உள்ளே நுழைந்ததும் முதலில் இருந்தது வரைபட அறை. சாய்ந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"யாரு?"

முழுச் சீருடையில், தொப்பியோடு, ஆறு அடி தூரத்தில் நிற்கிற போலீஸைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஏட்டம்மா அதை மனசில் ஒரு மூலையில் போட்டு வைத்தார்.

"போலீஸ் சார். ஆபீசரைப் பாக்கணும்."

"ஓ, வாங்க வாங்க. அந்த உள் ரூம்."

ஆபீசர் சின்ன வயசுக்காரர். பொறுப்புக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முகத்தில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம் தெரிந்தது. வெள்ளிக்கிழமையே வெளியூர்க் கூட்டத்துக்குப் போய், இன்றைக்குக் காலையில்தான் திரும்பியிருந்தார்.

"சனிக்கிழமை யாரெல்லாம் ஆபீஸ்ல இருந்தாங்க?"

"மூணு பேர். டைப்பிஸ்ட் அம்மா அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டாங்க. அப்புறம் டிராயிங் சார், நம்ம சங்கிலி."

சங்கிலி என்பது பெயரில்லை, தொழில். நிலத்தில் அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடிப்பது, முளைக்குச்சி அடிப்பது, உயரக் கம்பத்தை நிமிர்த்திப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. நாடா வந்து சங்கிலி போய்ப் பல காலம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை.

"சங்கிலி மேல எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"டிராயிங் சார் பாத்திருக்காரு. சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள்ல பெட்டியை வச்சுக் கொண்டு போனதை." ஆபீசர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "இதைப் பாருங்க. பதினோரு வருஷமா தினக்கூலியா இருக்கறவரு. வேலை நிரந்தரம்னு இப்பதான் உத்தரவு வந்திருக்கு. போலீஸ் கேஸ் எதுவும் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மேலிடத்துக்கு அனுப்பணும். தவறினா அவ்வளவுதான், பட்டியலை மூடிடுவாங்க. மறுபடி எப்பன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"நாளைக்கே நிரந்தரம் ஆகப்போறவரு இன்னைக்கு எதுக்குத் திருடணும்?"

"அதான் எனக்கும் புரியல. ஆனா டிராயிங் சாரும் பொய் சொல்ற ஆள் இல்ல. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். இன்னும் அஞ்சு மாசத்துல ரிடையர் ஆகறாரு."

காலை 11.10.

டிராயிங் சார் என்பது காலையில் 'யாரு?' என்று கேட்ட அந்தப் பெரியவர்தான், ஆபீஸின் வரைவாளர். அவர் மேஜையில் பென்சில்கள் உயர வரிசைப்படி படுத்திருந்தன. எல்லாமே ஊசி மாதிரி கூர். அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு வரைபடம் தொங்கியது. தெருக்கள், மதில்கள், கட்டடங்கள், அவற்றின் குறுக்கே தலைமுடி கனத்தில் பழுப்புக் கோடுகள். விரல் ரேகை மாதிரி வளைந்து வளைந்து போயின.

"அழகா இருக்கு சார்."

"நான் போட்டதும்மா. பதினாலு வருஷம் ஆச்சு. இந்தப் பகுதி முழுக்க. மேலதிகாரிங்க வந்து பாத்துட்டு, சட்டம் போட்டு மாட்டுங்கன்னாங்க." ஒரு நிமிஷம் அவர் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"சனிக்கிழமை என்ன பாத்தீங்க?"

"அஞ்சே முக்கா இருக்கும். என் பையன் கார் எடுத்துட்டு வருவான்னு வாசல்ல நின்னுட்டிருந்தேன். சங்கிலி சைக்கிள்ல போனான்."

"எந்தப் பக்கம்?"

"தண்ணித்தொட்டிப் பக்கம். அவன் வீடு அந்தப் பக்கம்தான்."

"பெட்டி?"

"பின்னால கேரியர்ல. சாக்கு போட்டு மூடியிருந்துச்சு. ஒரு கையால ஹேண்டில் பாரு, இன்னொரு கை பின்னால பெட்டியைப் பிடிச்சிட்டிருந்துச்சு."

"வேகமாப் போனாரா, மெதுவாவா?"

"வேகமாத்தான். காலை அசைக்கக்கூட இல்லம்மா, பெடல் மேல சும்மா வச்சிருந்தான். சட்டை பின்னால பலூன் மாதிரி உப்பிக்கிட்டு." பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பார்த்ததைத்தான் சொல்கிறார் என்று ஏட்டம்மாவுக்கு உறுதியாகத் தோன்றியது. கற்பனை செய்கிறவனுக்குச் சட்டை உப்புவது தோன்றாது.

வாக்குமூலத்தை எழுதி முடித்து நீட்டினார். வரைவாளர் காகிதத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். பேனாவை வைத்த இடம் காகிதமே இல்லை, மேஜை.

"பரவால்ல சார், கையெழுத்து அப்புறம் வாங்கிக்கறேன்" என்று ஏட்டம்மா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காலை 11.45.

டைப்பிஸ்ட் அம்மா சுருக்கமாகப் பேசுகிறவர்.

"நீங்க கிளம்பும்போது சாவி ஆணியில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அலமாரி?"

"பூட்டியிருந்துச்சு. நாந்தான் நாடாவை உள்ள வச்சுப் பூட்டினேன். மஞ்சப் பெட்டி அப்ப இருந்துச்சு."

"சங்கிலி எப்படி?"

"நல்ல மனுஷன்." தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். "ரெண்டு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பெட்டி நிறைய முளைக்குச்சி சீவிக் கொண்டு வர்றாரு. அடுத்த வார வேலைக்கு. யாரும் கேக்கல, அவரா செய்யறது. அந்தப் பெட்டிங்களைத்தான் நாங்க பழைய பேப்பர் போட்டு வைக்கிறோம். வேணும்னா உள்ள போய்ப் பாருங்க."

பழைய ஆவணங்கள் வைக்கும் அறை ஜன்னல் இல்லாத இருட்டறை. ஏட்டம்மா கதவைத் திறந்ததுமே மூன்று தும்மல் போட்டார். சுவரோரம் ஒன்பது மரப்பெட்டிகள், மூடி இல்லாமல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாக்கு. சாக்குகளின் மேல் விரல் வைத்தால் பெயர் எழுதலாம், அத்தனை தூசி. ஓரத்தில் இருந்த ஒன்றின் மேல் மட்டும் தூசி குறைவு. யாராவது பழைய காகிதம் தேடியிருப்பார்கள். அல்லது அது புதிதாக வந்த பெட்டியாக இருக்கும். ஏட்டம்மா இன்னொரு தும்மல் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

சங்கிலி கொல்லைப்புறத்தில், தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். வெயிலில் நின்று நின்று கறுத்துப்போன முகம். போலீஸைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான் எடுக்கலம்மா."

"எடுத்தீங்கன்னு நான் இன்னும் சொல்லலயே. சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"அஞ்சரை, அஞ்சே முக்கா. டிராயிங் சார் இருந்தாரு. நான் பூட்டிக்கறேன், நீ கிளம்புன்னாரு."

"கையில என்ன இருந்துச்சு?"

"சாப்பாட்டு டப்பா. வேற ஒண்ணுமில்ல."

"பெட்டியோட உங்களைப் பாத்ததா ஒருத்தர் சொல்றாரே?"

யார் என்று சங்கிலி கேட்கவில்லை. ஆபீஸில் மிச்சம் இருந்தது ஒரே ஆள்தானே.

ஏட்டம்மா சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். செயின் கவர் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சீட்டுக்குப் பழைய துணியில் ஓர் உறை. கேரியரில் சாமானை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் உடைந்து தொங்கியது.

"இது எப்ப உடைஞ்சுது?"

"ஆறு மாசமாச்சும்மா. பெட்டி வச்சா ஒரு கையால பிடிச்சுக்குவேன்."

அந்தப் பதில் அவருக்கே எதிராகப் போகிறது என்று தெரியாமல் சொன்னார். கிளிப்பும் பொருந்துகிறது, கையும் பொருந்துகிறது, சாக்கும் பொருந்துகிறது. எல்லாம் இந்த மனுஷனின் தலையில் வந்து விடிகிறது.

"வீட்ல சொல்லிட்டேம்மா" என்றார் சங்கிலி, கேட்காமலே. "இன்னைக்குக் கையெழுத்து ஆயிடும்னு. அவ தெரு முழுக்கச் சொல்லிட்டா."

பகல் 1.10.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஏட்டம்மா கிளம்பினார். நூறு கஜம் போவதற்குள் மூச்சு வாங்கியது. முழங்கால் கிறீச்சிட்டது. இறங்கிப் பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது. பிரேக் கட்டை உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார், உரசவில்லை. காலையில் எண்ணெய் போட்ட மனுஷனை மெச்சியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டு, பெடலின் மேல் எழுந்து நின்று மிதித்தார். அப்படியும் சைக்கிள் நத்தை மாதிரி நகர்ந்தது.

முன்னால் ஒருவர் இரண்டு காஸ் சிலிண்டர்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனார். ஏட்டம்மா இறங்கி அவரோடு சேர்ந்து நடந்தார்.

"ஏறி ஓட்டலாமே?"

சிலிண்டர்காரர் திரும்பிப் பார்த்தார். "இதுலயா? நீங்க ஊருக்குப் புதுசா?"

"ஏன், ரோடு நேராத்தானே இருக்கு."

"கண்ணுக்கு நேராத்தான் இருக்கும். காலைக் கேட்டுப் பாருங்க. காலி சிலிண்டர்னாக்கூட தொட்டி வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான்."

ஏட்டம்மா நடுரோட்டில் நின்றுவிட்டார். சிலிண்டர்காரர் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து, போலீஸுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நிற்காமல் போய்விட்டார்.

தண்ணீர்த் தொட்டி வரை தள்ளிக்கொண்டே போனார் ஏட்டம்மா. அங்கே சைக்கிளை ஆபீஸ் பக்கமாகத் திருப்பினார். ஏறி உட்கார்ந்து, கால்களைப் பெடலின் மேல் சும்மா வைத்தார். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் தானாக உருண்டது. வேகம் பிடித்தது. பாதி ரோட்டில் அவருடைய சீருடைச் சட்டை முதுகில் உப்பத் தொடங்கியது. மிதிக்காமலே ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோது மணி 1.35. சாப்பாடு மறந்தே போயிருந்தது.

நேராகக் கொல்லைப்புறம் போனார்.

"காலையில வர்றப்ப எங்க மிதிக்கறதை நிறுத்துவீங்க?"

சங்கிலிக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னார். "தொட்டி தாண்டினா கால் சும்மாத்தானம்மா. வாசல் வரைக்கும் வண்டியே கொண்டாந்து விட்டுரும். அந்த நாலு நிமிஷம்தான் எனக்கு நாள் பூரா ஓய்வு."

"சாயங்காலம்?"

"சாயங்காலம் தள்ளிட்டுப் போவேன். அதுக்கு என்னம்மா இப்போ?"

"ஒண்ணுமில்ல. சாப்டீங்களா?"

"இறங்கலம்மா."

"சாப்பிடுங்க" என்றார் ஏட்டம்மா. "டப்பாவைத் திறந்து சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்."

அதற்கு மேல் அவர் அவசரப்படவில்லை. இருட்டறைக்கு மறுபடி போய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். பிறகு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார். மூன்று மணிக்கு ஸ்டேஷனுக்கு போன் செய்து, ஆளைக் கூட்டி வரத் தாமதமாகும் என்று சொன்னார். மறுமுனையில் இன்ஸ்பெக்டர் சொன்னது நமக்கு வேண்டாம்.

மாலை 4.05.

வரைபட அறையில் நான்கு பேர் நின்றார்கள். வரைவாளர் மட்டும் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏட்டம்மா வாக்குமூலத்தை எடுத்து உரக்கப் படித்தார். காலை அசைக்காமல் போனது, சட்டை உப்பியது, எல்லாவற்றையும். முடிக்கும்போது சங்கிலியின் புருவம் ஏறியது. ஏதோ சொல்ல வந்தவரை ஏட்டம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆபீசர் சார், நீங்க ஆபீஸுக்கு எதுல வர்றீங்க?"

"கார்ல."

"டைப்பிஸ்ட் அம்மா?"

"பஸ்ல. வாசல்லயே நிக்கும்."

"டிராயிங் சாரைப் பையன் கார்ல கொண்டாந்து விடறாரு. சரி. இந்தச் சுவத்துல இருக்கற படத்துல நம்ம ரோடு இருக்கா? எனக்குப் படம் பாக்கத் தெரியாது. கொஞ்சம் காட்டுங்க."

ஆபீசர் கிட்டே போய் விரல் வைத்தார். "இது தண்ணித்தொட்டி. இது நம்ம வாசல்."

"குறுக்கே போற பழுப்புக் கோடெல்லாம் என்ன?"

"சம உயரக் கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ரெண்டு மீட்டர் உயர வித்தியாசம்."

"தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவுல எத்தனை கோடு ரோட்டைக் கடக்குது? எண்ணிச் சொல்லுங்க."

ஆபீசர் எண்ணினார். ஆறாவது கோட்டில் விரல் நின்றது, மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"பன்னெண்டு மீட்டர்" என்றார். "தொட்டி மேல இருக்கு. நம்ம ஆபீஸ் பன்னெண்டு மீட்டர் பள்ளத்துல இருக்கு."

"கிட்டத்தட்ட நாலு மாடி. ஊர் ஊராப் போய் மேடு பள்ளம் அளக்கற ஆபீஸ் இது. வாசல் ரோட்டுல நாலு மாடி ஏத்தம் இருக்கறது சைக்கிள்ல வர்ற ஒருத்தருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. சாயங்காலம் இந்த ரோட்டுல தொட்டிப் பக்கமா யாராலயும் காலை ஆட்டாமப் போக முடியாது. அதுவும் ஒரு கையைப் பின்னால வச்சுக்கிட்டு. சட்டை எங்க உப்பறது, நாக்குதான் தள்ளும்."

ஏட்டம்மா வாக்குமூலத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல முழுப் பொய்னு நினைச்சேன். ஆனா அவர் சொன்னப்ப கண்ணால பாத்தவரு மாதிரிதான் சொன்னாரு. பாத்திருக்காரு. சனிக்கிழமை காலையில. பையன் கார் தாண்டிப் போறப்ப, ஜன்னலுக்குப் பக்கத்துலயே சங்கிலி இறக்கத்துல உருண்டு வந்திருக்காரு. பின்னால சாக்கு மூடின முளைக்குச்சிப் பெட்டி. அது காலையில உள்ள வர்ற பெட்டி. இந்த ஆபீஸை விட்டு ஒரு நாளும் வெளிய போனதில்ல, ஒன்பதும் அந்த ரூம்லதான் இருக்கு. பாத்ததெல்லாம் நிஜம் சார். நேரத்தை மட்டும் மாத்திட்டீங்க. காலையை எடுத்துச் சாயங்காலத்துல வச்சீங்க, வண்டி ஏத்தத்துல தானா ஏறிடுச்சு."

வரைவாளர் நிமிரவில்லை. மேஜையிலிருந்த பென்சில் ஒன்றை எடுத்து, மறுபடி அதே வரிசையில் வைத்தார்.

"மஞ்சப் பெட்டி எங்கயும் போகல" என்றார் ஏட்டம்மா. "தூசி கலைஞ்ச பெட்டியில, பழைய பேப்பருக்கு அடியில இருக்கு. கருவியோட முன் கண்ணாடி கீறல் விட்டிருக்கு. மாடியில தரையில ஒரு சில்லு பெயர்ந்திருக்கு. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா நல்லா இருக்காது."

வரைவாளர் எழுந்து, திரும்பி, தன் வரைபடத்தைத் தொட்டார். கண்ணாடியின் மேல் விரல் தடவிக்கொண்டே போயிற்று, எதையும் கண்டுபிடிக்காமல்.

"இந்தக் கோடுங்க எனக்கு இப்பத் தெரியறதில்லம்மா" என்றார். "இங்க இருக்குன்னு ஞாபகத்துலதான் தெரியும்."

அவர் சொன்னது இவ்வளவுதான். போன மாதம் ஒரு வரைபடத்தில் கிணற்றை எல்லைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார். கண்ணைக் காட்டிச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்று ஆபீசர் சொன்னார். காட்டினால் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் கோடு போட்டவரை, கண் தெரியாதவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு, லெவல் கருவியின் குழாய் வழியாகவாவது எண்கள் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்க மாடிக்குக் கொண்டுபோனார். தாங்கியின் திருகு சரியாக இறுகியதா என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. கருவி சரிந்து விழுந்தது.

"இன்னைக்குக் காலையில ஆபீசர் கேட்டாரு, யாரையாவது பாத்தீங்களான்னு. வாயில வந்துடுச்சு. சங்கிலி பேரைச் சொல்லணும்னு நினைக்கல. கண்ணை மூடினா அவன் சைக்கிள்ல வர்றதுதான் தெரிஞ்சுது. தெளிவாத் தெரிஞ்ச ஒரே முகம் அதுதான்."

ஏட்டம்மா சங்கிலியைப் பார்த்தார். கோபப்படட்டும், கத்தட்டும், அந்த நியாயம் அவருக்கு உண்டு. சங்கிலியின் கண்கள் நிறைந்திருந்தன.

"பதினோரு வருஷமா உங்க பென்சிலை நாந்தான் சீவறேன் சார்" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேனே. என்னைப் போய்த் திருடன்னு சொல்லிட்டீங்களே."

வரைவாளர் இரண்டு கைகளையும் குவித்தார்.

"கருவி ஆபீஸுக்குள்ளயே இருக்கு. அப்ப திருட்டே நடக்கல" என்றார் ஏட்டம்மா, ஆபீசரைப் பார்த்து. "புகாரை வாபஸ் வாங்கறதா எழுதிக் குடுங்க. இந்த வாக்குமூலத்துல கையெழுத்து விழல. கையெழுத்து இல்லாத வாக்குமூலம் வெறும் காகிதம். மத்தது உங்க ஆபீஸ் விஷயம். ஆனா மணி நாலு இருபது."

ஆபீசர் டிராயரைத் திறந்தார். 4.31க்குக் கையெழுத்துப் போட்டார். 4.40க்கு டைப்பிஸ்ட் அம்மா அதை மேலிடத்துக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை போன் செய்து கேட்டுக்கொண்டார். சங்கிலி வாசலுக்குப் போய் வீட்டுக்கு போன் செய்தார். இந்தப் பக்கம் கேட்டதெல்லாம் "ம்" தான். பத்துப் பன்னிரண்டு "ம்".

"டிராயிங் சார், இதை நான் அப்படியே விட்டுட முடியாது. பேசணும்" என்றார் ஆபீசர் கடைசியில். "ஆனா நாளைக்கு முதல்ல கண் டாக்டர்கிட்ட. நானே கூட்டிட்டுப் போறேன்."

மாலை 5.45.

ஏட்டம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, சங்கிலி தன் கேரியரில் மஞ்சள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிச் சந்தியில் லென்ஸ் ரிப்பேர் செய்கிற கடை ஒன்று இருந்தது. ஆறு மணிக்குள் கொடுத்தால் புதன்கிழமை கிடைக்கும். ஆபீசர் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்.

வரைவாளர் வாசலில் காருக்காக நின்றார். சங்கிலி அவர் பக்கம் பார்க்காமல் சைக்கிளை உருட்டினார். கிளிப் இல்லாத கேரியரில் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனால் ஏற்றத்தில் ஹேண்டில் பார் நிற்காது. ஹேண்டில் பாரைப் பிடித்தால் பெட்டி நிற்காது.

பெரியவர் இரண்டடி வந்து, இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

சங்கிலி திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். பெரியவர் பெட்டியை விடாமல் பின்னால் நடந்தார். ஏட்டம்மா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போனார்.

பாதி ரோட்டில் வரைவாளருக்கு மூச்சு முட்டியது. நின்று, நெஞ்சில் கை வைத்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு ஏத்தமாடா இது?"

"தினமும் இவ்வளவுதான் சார்" என்றார் சங்கிலி. "கொஞ்சம் நின்னுட்டுப் போலாம். கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும்."

சனிக்கிழமை பார்த்ததாகப் பெரியவர் சொன்ன அதே பெட்டி, அதே சைக்கிளில், அதே நேரத்துக்கு, தொட்டிப் பக்கமாகத்தான் போனது. ஆனால் ஒருவர் சட்டையும் உப்பவில்லை. மூன்று பேர் முதுகிலும் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.